கணினிக் கொள்கையும் மக்கள் மொழியும்

கொழும்பில் நீதிமன்றங்கள் குவிந்து கிடக்கும் பகுதியைத் தமிழ் மக்கள் புதுக்கடை என்று அழைக்கின்றனர். சிங்கள மக்கள் அதனையே அளுத்கடே என்கின்றனர். இரண்டிற்கும் பொருள் ஒன்றே. ஆங்கிலத்தில் மட்டும் அவ்விடம், 1656ஆம் ஆண்டு கொழும்பு முற்றுகையின்போது மாண்ட ஒல்லாந்தத் தளபதி ஹல்ஃப்டின் பெயரால் வழங்கி வருகிறது. இரு மொழி பேசும் சாதாரண மக்கள் ஒரே பெயரை இட்டு வழங்கிய இடத்திற்கு, அதிகாரத்தின் ஏடுகளில் மூன்றாவதொரு பெயர் நிலைத்துவிட்டது. இந்நாட்டின் மொழிப் பிரச்சினை பற்றிய தடித்த நூல்கள் சிலவற்றைக் காட்டிலும் இச்சிறு செய்தி அதிகம் சொல்லும் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள் வேறு. டிஜிட்டல் தொழினுட்பத்தில் புத்தாக்கம் மலர வேண்டுமாயின் அரசாங்கத்தின் கொள்கை எவ்வாறு அமைய வேண்டும் என்ற கேள்வி இன்று நாடெங்கும் பேசப்படுகிறது. அதற்கெனத் தனி அமைச்சொன்றும் அண்மையில் தோற்றுவிக்கப்பட்டது. இக்கேள்வியைப் பொருளியல் வல்லுநர் ஏற்றுமதி வருமானத்தைக் கொண்டு அளப்பர். வணிகர் வரிச்சலுகையைக் கொண்டு அளப்பர். நாம் அதனைப் புதுக்கடையிற் கொண்டுவந்து நிறுத்திப் பார்க்க விரும்புகிறோம். அரசும் குடிமகனும் எழுத்தின் வாயிலாக ஒருவரையொருவர் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் நீதிமன்றம் ஆதலின், அரசின் எழுத்துக் கருவிகள் எந்நிலையில் உள்ளன என்பதை அங்கு மறைக்க இயலாது.

நீதிமன்ற வளவைச் சுற்றியுள்ள தெருக்களில் உறுதி, சத்தியக் கடதாசி, அற்றோணித் தத்துவம் ஆகியவற்றைத் தட்டெழுதிக் கொடுக்கும் சிறு கடைகள் நிறைய உண்டு. முன்னர் தட்டச்சுப்பொறி இருந்த மேசையில் இப்போது கணினி இருக்கிறது. ஆயினும் தமிழைப் பொறுத்தமட்டில் அந்தக் கணினி இன்னும் பெரும்பாலும் தட்டச்சுப்பொறியாகவே பயன்படுகிறது. இலங்கைத் தமிழர் நன்கறிந்த ‘பாமினி’ எழுத்துருவில் ‘தமிழ்’ என்று தட்டும்போது திரையில் தமிழ் தோன்றும். கணினியின் நினைவிற் பதிவதோ ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமேயாம். தமிழ் என்பது அங்கு வெறும் வேடம். எழுத்துரு இல்லாத வேறொரு கணினியிற் திறந்தால் வேடம் கலைந்து பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல் எஞ்சும். அவ்வாறு எழுதப்பட்ட ஆவணத்தில் ஒரு பெயரைத் தேட முடியாது. அதனை மற்றொரு மொழிக்குப் பொறியால் பெயர்க்க முடியாது. கண்பார்வை அற்றவருக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டும் மென்பொருளால் அதனை வாசிக்க முடியாது. தாளில் அச்சிட்டுக் கையொப்பம் வைத்து முத்திரை ஒட்டும் வரையில் எல்லாம் சரிதான். தாளை விட்டு விலகிய கணமே அது தமிழாக இருப்பதில்லை.

இதனைக் கேட்டுச் சிலர் நகைக்கலாம். செயற்கை நுண்ணறிவு பற்றி உலகம் பேசும் காலத்தில் எழுத்துருவைப் பற்றி என்ன பேச்சு என்பர். செயற்கை நுண்ணறிவு என்று இன்று வழங்கும் பொறிகள் எதனை உண்டு வளர்கின்றன என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். அவை எழுத்தை உண்டு வளர்கின்றன. ஒழுங்காகக் குறியிடப்பட்ட, கோடிக்கணக்கான சொற்களைக் கொண்ட எழுத்தை. எந்த மொழியின் ஆவணங்கள் ஒழுங்கான குறியீட்டில் பொதுவெளியில் கிடைக்கின்றனவோ அந்த மொழியே பொறிக்கு விளங்கும். நமது அரசாங்கத் திணைக்களங்களின் தமிழ் ஆவணங்களிற் கணிசமானவை பழைய எழுத்துருக்களிலும், தாளைப் படம் பிடித்துச் சேமித்த பக்கங்களிலும் கிடக்கின்றன. பொறியின் கண்ணுக்கு அவை வெற்றுத் தாள்கள்.

இனி, கொள்கையின் வரலாற்றைச் சற்று நோக்குவோம். கணினிக் கொள்கை என்பது இந்நாட்டிற்குப் புதிதன்று. 1983ஆம் ஆண்டிலேயே தேசிய கணினிக் கொள்கை ஒன்று வகுக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலே ‘சின்டெக்’ என்ற பெயரால் அறியப்பட்ட கணினித் தொழினுட்பப் பேரவை தோன்றியது. கொழும்புப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வி. கே. சமரநாயக்க போன்றோர், சிங்களத்தையும் தமிழையும் கணினித் திரையில் எழுதிக் காட்டுவது எப்படி என்று அக்காலத்திலேயே மண்டையைக் குழப்பிக்கொண்டிருந்தனர். நீதிமன்றங்களில் கணினிப் பதிவுகளைச் சான்றாக ஏற்பதற்கு வழிசெய்த சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் 1995இல் வந்தது. 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தகவல் தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் அமைந்தது. 2004இல் ‘ஈ-ஸ்ரீலங்கா’ திட்டத்திற்கு உலக வங்கி 53 மில்லியன் டொலர் கடன் வழங்க இசைந்தது. இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்களை ஏற்கும் சட்டம் 2006இல் நிறைவேறியது. ஆகவே, அரசு ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவது நேர்மையாகாது.

செய்தவற்றுள் நல்லனவும் உள. கிராமங்களிலும் தோட்டப் பகுதிகளிலும் ‘நெனசல’ என்றும் தமிழில் ‘அறிவகம்’ என்றும் திறக்கப்பட்ட நூற்றுக்கணக்கான கணினி நிலையங்கள், வீட்டில் கணினியைக் கண்டிராத பிள்ளைகளுக்கு அதன் விசைப்பலகையை முதன்முதலில் தொடும் வாய்ப்பைக் கொடுத்தன. 2008ஆம் ஆண்டு தமிழ் எழுத்துக் குறியீட்டுக்கும் விசைப்பலகைக்கும் 1326 என்ற இலக்கத்தில் இலங்கைக் கட்டளை வகுக்கப்பட்டது. ரெங்கநாதன் விசைப்பலகை அதில் இடம்பெற்றது. 2010இல் ‘.இலங்கை’ என்று தமிழ் எழுத்திலேயே இணைய முகவரிக்கு உரிமை பெறப்பட்டது. தமிழ்நாடு இருக்கும் பெரிய தேசத்திற்குத் தமிழெழுத்து முகவரி கிடைப்பதற்கு முன்னரே இது நிகழ்ந்தது என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவர்?

அவ்வாறாயின் குறை எங்கே? கட்டளையைப் பிறப்பித்தவர்கள் அதனைக் கட்டாயமாக்கவில்லை. ஒரு திணைக்களம் கணினி வாங்கும்போது, அக்கணினியில் கட்டளைக்கு இயைந்த தமிழ் இல்லாவிடின் விலைமனு தள்ளுபடி என்று ஒரு வரி எழுதி அதனை உண்மையில் நடைமுறைப்படுத்தியிருந்தால், எழுத்துருச் சிக்கல் சில ஆண்டுகளில் மறைந்திருக்கும். மென்பொருள் விற்பவன் தமிழின்மேற் காதல் கொண்டு அதனைச் சேர்க்க மாட்டான். விற்க முடியாது என்றால் மறுநாளே சேர்ப்பான். சந்தையின் இந்த இயல்பைச் சந்தையின் புகழ் பாடுவோர் மறந்துவிடுவதும், நாம் நினைவூட்ட நேர்வதும் வேடிக்கைதான்.

சட்டம் ஒருபுறம், நடைமுறை ஒருபுறம் என்ற இந்நோய் நமக்குப் பழக்கமானது. 1958ஆம் ஆண்டு தமிழ் மொழி (விசேட ஏற்பாடுகள்) சட்டம் நிறைவேறிற்று. அதன் கீழான ஒழுங்குவிதிகள் 1966 ஜனவரியிலேதான் பாராளுமன்றத்திற்கு வந்தன. இடையே எட்டு ஆண்டுகள். அவ்விதிகளை எதிர்த்து நடந்த ஊர்வலத்தில் நமது இடதுசாரித் தலைவர்களும் நின்றார்கள் என்பது முற்போக்காளர் விழுங்க முடியாது விழுங்க வேண்டிய கசப்பு. 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் இன்றுவரை நம் சட்டங்களின் கடைசிப் பிரிவை எடுத்துப் பாருங்கள்: சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே முரண்பாடு தோன்றின் சிங்கள உரையே மேலோங்கும் என்ற வாய்பாடு அங்கு இருக்கும். இதனால் விளைந்தது என்ன? தமிழ் உரை என்பது யாரும் நம்பியிருக்க வேண்டாத நிழல் என்ற மனப்பான்மை அதை எழுதுவோரிடமே வேரூன்றிவிட்டது. தவறாக இருந்தாலும் நட்டமில்லை என்று கருதப்படும் ஓர் உரைக்கு யார்தான் சிறந்த கருவிகளைச் செய்யப் போகிறார்கள்?

புத்தாக்கம் என்ற சொல்லைப் பற்றியும் இவ்விடத்தில் இரண்டு வார்த்தை கூற வேண்டும். நம் கொள்கை வகுப்போர் அச்சொல்லைக் கேட்டதும் அவர்கள் மனக்கண்முன் தோன்றுவது அமெரிக்க நகரொன்றில் கார்க் கொட்டகைக்குள் குந்தியிருக்கும் ஓர் இளைஞன். அவன் தனி மூளையால் உலகை மாற்றிவிட்டான் என்பது கதை. அவ்விளைஞன் பயன்படுத்திய இணையம், அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பணத்தால் 1969இல் தொடங்கிய ஆராய்ச்சி வலையமைப்பின் வழித்தோன்றல். அவன் தளம் அமைத்த உலகளாவிய வலை, ஐரோப்பிய நாடுகள் பலவற்றின் பொதுப்பணத்தில் இயங்கும் செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி, 1993 ஏப்பிரலில் எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிடப்பட்டது. திறந்துவிட்டார்கள் என்பதே இதில் முக்கியம். காப்புரிமை பூட்டியிருந்தால் கொட்டகை இளைஞர் எவரும் கோடீசுவரராகியிருக்க முடியாது.

நம் நாட்டிலும் கதை வேறன்று. மொறட்டுவையிலும் பேராதனையிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கற்று மென்பொருட்டுறையில் புகழீட்டிய இளைஞரை உருவாக்கிய கொள்கை எது? சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1945இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த இலவசக் கல்வி. எந்தக் கணினிக் கொள்கை ஏட்டிலும் புத்தாக்கத்தின் முதற் பக்கத்தில் அவர் பெயரை நாம் கண்டதில்லை.

சஹானாவின் கதையைப் பாருங்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நம் கரைகளை விழுங்கிய சில நாட்களுக்குள், இலங்கை மென்பொருளாளர்கள் பலர் ஊதியம் கருதாது கூடி, காணாமற் போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவு செய்யும் மென்பொருளொன்றை ஆக்கினர். நிவாரணம் என்ற பொருள் தரும் சிங்களச் சொல்லே அதன் பெயராயிற்று. அதன் மூலநிரல் எவருக்கும் திறந்தே இருந்தது. அடுத்த ஆண்டே பாகிஸ்தான் பூகம்பத்திலும், பின்னர் பிலிப்பீன்சிலும், 2010இல் ஹெயிட்டியிலும் அது பயன்பட்டது. வறிய நாடொன்றிலிருந்து உலகிற்குச் சென்ற உண்மையான புத்தாக்கம் அது. அதனைப் பிறப்பித்தது பரிசுப் போட்டியுமன்று, வரிவிடுமுறையுமன்று. மக்களின் தேவையும், அத்தேவையைத் தீர்க்க முன்வந்தவர்களுக்கு அரசு தன் கதவைத் திறந்துவிட்டமையுமேயாம். 2022ஆம் ஆண்டு எரிபொருள் வரிசைகளில் நாட்கணக்காக நின்ற ஆசிரியரும் மாணவரும், சில வாரங்களுக்குள் நடைமுறைக்கு வந்த கியூஆர் எரிபொருள் அட்டையை மறந்திருக்க மாட்டார்கள். அங்கும் அரசு ஒரு தேவையை வரையறுத்தது. இளைஞர் அதனைச் செய்து கொடுத்தனர்.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியும் உண்டு. 2015 ஜூலையில் அரசாங்கம் கூகிள் நிறுவனத்தோடு ஓர் உடன்படிக்கையிற் கையெழுத்திட்டது. வானத்தில் மிதக்கும் பலூன்களால் நாடு முழுவதற்கும் இணையம் கிடைக்கும் என்று முழக்கம் எழுந்தது. 2016 பெப்ரவரியில் முதற் பலூன் நம் வானில் நுழைந்தது. சில நாட்களில் கம்பளைப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் அது விழுந்து கிடந்ததை ஊர் மக்கள் கண்டனர். திட்டமிட்டே இறக்கினோம் என்றது நிறுவனம். எவ்வாறாயினும் அத்திட்டம் நம் நாட்டில் மக்கள் சேவையாக மலரவில்லை. 2021 ஜனவரியில் அந்நிறுவனம் பலூன் முயற்சியையே உலகெங்கும் கைவிட்டது. நாளாந்தக் கூலிக்காகப் போராடிக்கொண்டிருக்கும் தோட்டத் தொழிலாளியின் தேயிலைச் செடிமேல் வந்து விழுந்த அந்தப் பலூனைக் காட்டிலும் நமது கொள்கையின் திசையைத் தெளிவாகக் காட்டும் உருவகம் ஒன்றை எந்தக் கவிஞனும் ஆக்கியிருக்க முடியாது.

வானிலிருந்து வருவதற்குக் காத்திருந்த அதே ஆண்டுகளில், தரையில் சிலர் வேலை செய்துகொண்டிருந்தனர். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்தச் சாம்பலின் நினைவு அடுத்த தலைமுறையை விட்டு நீங்கவில்லை. 2005இல் சில இளைஞர்கள், இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் எண்ணிம வடிவில் இணையத்தில் ஏற்றி எவரும் இலவசமாகப் படிக்க வைக்கும் ‘நூலகம்’ திட்டத்தைத் தொடங்கினர். வெள்ளவத்தையில் அலுவலகம் வைத்து நடக்கும் நூலக நிறுவனத்தின் உழைப்பால் இன்று பல்லாயிரக்கணக்கான ஏடுகள் அங்கே கிடைக்கின்றன. 1950களின் முற்போக்கு இலக்கியச் சஞ்சிகையொன்றை நம் மாணவன் கைப்பேசியிலேயே திறந்து படிக்கிறான். இது புத்தாக்கமன்றோ? ஒரு தேசிய நூலகமும் ஒரு சுவடிகள் திணைக்களமும் செய்ய வேண்டிய பணியைத் தன்னார்வலர் தம் மாலை நேரங்களையும் புலம்பெயர்ந்தோர் தம் நன்கொடைகளையும் கொடுத்துச் செய்து வருகின்றனர்.

இவ்வுழைப்பை நாம் போற்றுகிறோம். ஆனால் போற்றுவதோடு நிறுத்திக்கொள்வது முற்போக்காளருக்கு அழகன்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் முதல் இன்றுவரை, தமிழ்க் கணிமையின் சுமையை ஊதியமற்ற உழைப்பே தாங்கி வருகிறது. தமிழ்ப் பற்று என்ற பெயரால் இந்த உழைப்பு வாழ்த்துப் பெறுகிறது, ஊதியம் பெறுவதில்லை. அந்த உழைப்பின் கனிகளை, அதாவது திறந்துவைக்கப்பட்ட அத்தனை தமிழ் எழுத்தையும், பெரும் வெளிநாட்டு நிறுவனங்கள் தம் பொறிகளுக்கு இரையாக்கிக்கொள்வதற்குத் தடை ஏதுமில்லை. பொதுச்சொத்தை ஆக்குவோர் ஒருபுறம் வாடகைக்கும் மின்கட்டணத்திற்கும் அல்லற்படுகின்றனர். அதனைக் கொண்டு இலாபமீட்டுவோர் மறுபுறம். இடையில் நிற்க வேண்டிய அரசு எங்கே?

எங்கே நிற்க வேண்டும் என்பதை நமது அரசியலமைப்பே கூறுகிறது. அதன் 24ஆம் உறுப்புரை, நீதிமன்றில் வழங்கும் மொழியை அறியாத வழக்காளி ஒருவர் அரசு வழங்கும் உரைபெயர்ப்புக்கும் மொழிபெயர்ப்புக்கும் உரித்துடையவர் என்கிறது. வழக்கேட்டின் தமக்குரிய பகுதியைத் தம் மொழியிற் பெறவும் உரித்துடையவர். வடக்கு கிழக்கிற்கு வெளியே நீதிமன்றின் மொழி சிங்களம்; மேல்நிலை நீதிமன்றங்களில் ஆங்கிலம் கோலோச்சுகிறது. எனவே புதுக்கடையில் வழக்காட வரும் கொட்டாஞ்சேனைத் தொழிலாளிக்கு இவ்வுரிமை வெறும் அலங்காரமன்று. தான் எதில் கையெழுத்திடுகிறோம் என்று அறிவதற்கான ஒரே வழி. தன்மேல் எழுதப்பட்டதைத் தானே வாசிக்க முடியாதவன் சட்டத்தரணியின் முகத்தையும் முதலியாரின் வாயையும் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நீதிமன்ற உரைபெயர்ப்பாளரை முதலியார் என்று அழைப்பது நம்மவரிடையே பழைய வழக்கம்.

இவ்வுரிமையை அரசு முழுமையாக நிறைவேற்றத் துணிந்தால் என்ன நிகழும்? ஒவ்வொரு நாளும் எத்தனையோ பக்கங்கள் சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்திற்கும் பெயர்க்கப்பட வேண்டும். மனித மொழிபெயர்ப்பாளர் மட்டும் போதார். அவர்களுக்கு உதவும் பொறிகள் வேண்டும். பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் வேண்டும். பழைய வழக்கேடுகளைப் படித்து எழுத்தாக்கும் கருவிகள் வேண்டும். இருமொழிச் சட்டச் சொற்றொகுதிகள் வேண்டும். இலண்டனிலோ கலிபோர்னியாவிலோ இருப்பவர் சிங்களத்திற்கும் தமிழுக்கும் இடையே நேரடியாக மொழிபெயர்க்கும் பொறியைத் தம் முதற் கடமையாகக் கொள்ளப் போவதில்லை. உலகில் இவ்விரு மொழிகளும் அரசகரும மொழிகளாய் அருகருகே வாழும் நாடு இது ஒன்றே. எனவே இத்துறையில் உலகின் முதன்மை நமக்குக் காத்திருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வாளர், அரச ஆவணங்களைச் சிங்களத்திற்கும் தமிழுக்கும் இடையே பெயர்க்கும் ‘சி-தா’ என்ற முறைமையை உருவாக்கி வெளியிட்டனர். சுற்றறிக்கைகள், வர்த்தமானிகள், பாராளுமன்ற அறிக்கைகள் என்று இருமொழியிலும் ஏற்கனவே எழுதப்பட்டவை ஏராளம். அவற்றை ஒழுங்கான குறியீட்டில் மாற்றி, பக்கத்திற்குப் பக்கம் இணைத்து, எந்த மாணவனும் எடுத்தாளும்படி பொதுவில் வைத்துவிட்டால், பரிசுத் தொகை அறிவிக்காமலே பல்கலைக்கழகங்களில் ஐம்பது ஆய்வுகள் முளைக்கும். தன் சட்டத்தைத் தானே நிறைவேற்றும் அரசுதான் புத்தாக்கத்திற்குச் சிறந்த வாடிக்கையாளன் என்று நாம் சொல்வது இதனாற்றான்.

இதற்கு மறுப்பாகக் கூறப்படுவது யாது? நாடு கடனில் மூழ்கியிருக்கிறது, மொழிக்குச் செலவிடப் பணமில்லை என்பது ஒன்று. இளைஞர் எல்லாரும் ஆங்கிலத்திற்கு மாறிவிட்டனர், இனித் தமிழும் சிங்களமும் எதற்கு என்பது மற்றொன்று.

முதலாவதற்கு விடை நம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1950களிலும் 60களிலும் பாடசாலைகள் தாய்மொழிக் கல்விக்கு மாறியபோது நாடு செல்வத்தில் புரளவில்லை. ஆயினும் அரசகரும மொழித் திணைக்களம் பௌதிகம், இரசாயனம், கணிதம் என்று துறைதோறும் கலைச்சொற்றொகுதிகளை ஆக்கியது. உயர்தர நூல்களைத் தமிழில் பெயர்த்து வெளியிட்டது. அந்தத் தமிழ் சில இடங்களில் கரடுமுரடானது என்பதை மறுப்பதற்கில்லை. சில சொற்களை உச்சரிப்பதற்கே பற்கள் பலமாக இருக்க வேண்டும். எனினும் கொல்லன் மகனும் கமக்காரன் மகளும் விஞ்ஞானம் படித்து வைத்தியராகவும் பொறியியலாளராகவும் ஆவதற்கு அந்நூல்களே ஏணியாயின. அதே அரசு கணினிக் காலம் வந்தபோது அப்பணியைத் தொடராது விட்டதன் விளைவை வகுப்பறையில் நாம் நாள்தோறும் காண்கிறோம். தமிழ் மொழிமூலம் தகவல் தொழினுட்பம் படிக்கும் மாணவன், பாடநூலில் ஒரு சொல்லையும், பத்திரிகையில் மற்றொன்றையும், தமிழ்நாட்டு நூலில் இன்னொன்றையும் கண்டு திகைக்கிறான். இலக்கமுறை, எண்ணிமம், மின்னணு, டிஜிட்டல் என்று ஒரே கருத்துக்கு நான்கு சொற்கள். அமைச்சின் பெயரே டிஜிட்டல் என்று அமைந்துவிட்ட பின் மாணவனைக் குறை கூறுவானேன்?

இரண்டாவது மறுப்பு வர்க்கக் குரலில் ஒலிப்பது. இளைஞர் எல்லாரும் என்று அவர்கள் சொல்லும்போது கொழும்பு 7இல் வளர்ந்த இளைஞரையே எண்ணுகின்றனர். வவுனியாவிலும் மன்னாரிலும் அட்டனிலும் மொனராகலையிலும் உள்ள பிள்ளை கைப்பேசியைக் கையில் வைத்திருக்கிறான் என்பது மெய். ஆனால் அவன் அதனைக் கொண்டு பிறர் ஆக்கியதை நுகர்கிறான். தான் ஒன்றை ஆக்குவதற்குரிய அறிவு ஆங்கிலச் சுவருக்கு அப்பால் இருக்கிறது. சுவரில் ஏறத் தெரிந்த சிலர் ஏறிப் போய், பின்னர் விமானமும் ஏறிவிடுகின்றனர்.

கேரளத்தைப் பாருங்கள். அங்கு 2001இல் பாடசாலைகளுக்கான தகவல் தொழினுட்பத் திட்டம் தொடங்கியது. பின்னர் அரசு தனியார் மென்பொருளைக் கைவிட்டுக் கட்டற்ற மென்பொருளை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. மலையாளக் கணிமைக்காகத் தன்னார்வலர் ஆக்கிய எழுத்துருக்களையும் கருவிகளையும் பாடசாலைக் கணினிகளில் ஏற்றியது. தன்னார்வலரின் உழைப்புக்கு இலட்சக்கணக்கான பயனாளர் கிடைத்தனர். பயனாளருள் சிலர் அடுத்த தலைமுறை ஆக்குநராயினர். 2023 ஜூனில் அரசின் சொந்த இழைவட வலையமைப்பும் தொடங்கி வைக்கப்பட்டது. அதன் நடைமுறையில் தாமதங்களும் குறைகளும் உண்டென்று அங்குள்ளோரே எழுதுகின்றனர். இருப்பினும் இணையம் மக்கள் உரிமை என்று ஓர் அரசு சொல்லத் துணிந்ததே பெரிது. தமிழ்நாடும் 1999 பெப்ரவரியில் சென்னை மாநாட்டின் வழியாக விசைப்பலகைத் தரத்தையும், 2010இல் அரசாணை வாயிலாக ஒருங்குறியையும் ஏற்றது. ஆனால் பாடசாலையிலிருந்து தொடங்கிய கேரளத்தின் வேர் அங்கு அவ்வளவு ஆழம் செல்லவில்லை என்பது நம் கணிப்பு.

தொழினுட்பத்தைப் பற்றிப் பேசும்போது தமிழ் மக்கள் மனத்தில் எழும் மற்றொரு ஐயத்தையும் மறைக்காது சொல்லிவிட வேண்டும். ஒன்றிணைந்த டிஜிட்டல் அடையாள அட்டைக்காக 2022இல் இந்தியாவுடன் உடன்படிக்கை ஏற்பட்டது. 2023இல் முற்பணமாக 45 கோடி இந்திய ரூபாய் கைமாறியது. அரச சேவைகளை எளிதாக்க அது உதவும் என்கின்றனர், உதவலாம். ஆனால் பட்டியல் என்றாலே அஞ்சக் கற்றுக்கொண்ட மக்கள் நாம். 1983 ஜூலையில் வாக்காளர் இடாப்புகளைக் கையில் ஏந்தித் தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள் என்பதை அன்று கொழும்பில் வாழ்ந்தோர் பலர் எழுதி வைத்துள்ளனர். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர் பஸ்களில் ஏற்றி வடக்கு கிழக்கிற்கு அனுப்பப்பட்டனர். மறுநாள் புதுக்கடையில் இருக்கும் உயர் நீதிமன்றம் தலையிட்டு அதனை நிறுத்த நேர்ந்தது. காகிதப் பட்டியலுக்கே இவ்வளவு ஆற்றல் இருந்ததாயின், ஒரு விசையைத் தட்டினால் கோடிப் பெயர்களைப் பிரித்தெடுக்கும் பட்டியலுக்கு எவ்வளவு ஆற்றல் இருக்கும்? தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் நிறைவேறியது. அதன் முக்கிய பிரிவுகள் செயற்படத் தொடங்கவிருந்த நாள் 2025இல் தள்ளிப்போடப்பட்டது. இதற்கிடையில், எழுதுவோரை அச்சுறுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 பெப்ரவரியில் விரைந்து வந்துவிட்டது. மக்களைக் காக்கும் சட்டம் நொண்டிக்கொண்டு வருகிறது. மக்களின் வாயைக் காவல் செய்யும் சட்டம் குதிரையில் வருகிறது. அஞ்சி வாழும் இளைஞன் புதியதொன்றைச் செய்து பார்க்கத் துணிய மாட்டான். செய்து பார்ப்பதென்றால் பிழைப்பதும் கேள்வி கேட்பதும் அதில் அடங்கும்.

அரசைக் கண்டிப்பதோடு நம் தமிழறிஞரையும் ஒரு வார்த்தை கண்டிக்காமல் விட முடியாது. கல் தோன்றி மண் தோன்றாக் காலத்தைப் பற்றி மேடையில் மணிக்கணக்காக முழங்குவோர், தம் உரையைப் பாமினியில் தட்டெழுதிக் கொடுத்து மலருக்கு அனுப்புகின்றனர். அம்மலர் அச்சேறி விருந்தினருக்கு வழங்கப்பட்டு அலுமாரியில் உறங்கப் போகிறது. மூலப்பிரதி பழைய கணினியோடு அழிந்துவிடுகிறது. சுண்டிக்குளியிற் பிறந்த ஆர். முத்தையா, சிங்கப்பூரில் வணிக நிலையமொன்றில் வேலை பார்த்துக்கொண்டே தமிழுக்குத் தட்டச்சுப்பொறி வகுத்தார். அவர் தமிழின் தொன்மையைப் பாடிக்கொண்டிருக்கவில்லை. தமிழின் எழுத்துகளை எண்ணி, எவ்விசையில் எதனை வைப்பதென்று இராப்பகலாகச் சிந்தித்தார். அத்தகைய தமிழ்ப் பணிக்கு இன்று பொன்னாடை போர்த்துவார் இல்லை.

அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் டிஜிட்டல் என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று பத்திரிகைகள் எண்ணிப் பார்க்கும். ஆசிரியர் சங்கங்களும் மாணவர் ஒன்றியங்களும் எண்ண வேண்டியவை வேறு. 1326ஆம் இலக்கக் கட்டளை எத்தனை திணைக்களங்களில் கட்டாயமாயிற்று? அரசகரும மொழித் திணைக்களத்தின் இருமொழி ஆவணங்கள் எப்போது பொதுவில் திறக்கப்படும்? நூலகம் போன்ற மக்கள் நிறுவனங்களுக்கு, அவற்றின் சுதந்திரத்தில் கைவைக்காமல், பொதுப்பணத்திலிருந்து எவ்வளவு? 24ஆம் உறுப்புரையின் கீழ்க் கடந்த ஆண்டில் எத்தனை பேர் தமிழில் வழக்கேட்டைக் கேட்டனர், எத்தனை பேர் பெற்றனர்? இக்கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எவரும் எழுதி அனுப்பலாம். அச்சட்டம் 2016இலிருந்து நம் கையில் இருக்கிறது. தமிழிலேயே அனுப்பலாம். ஒருங்குறியில் அனுப்புங்கள்.